ஊர் பார்த்த முகம்

போன கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் பூ வாங்க நின்றேன். பூக்காரம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். கனகாம்பரத்துக்கும் சாமந்திக்கும் நடுவில் வைக்க, திருநீற்றுப்பச்சிலையில் ஒரு கொழுந்தை நகத்தால் கிள்ளினார். அவ்வளவுதான், வாசனை கிளம்பிவிட்டது. துளசிக்கும் கிராம்புக்கும் நடுவில் நிற்கிற ஒரு காரமான வாசனை. முருகனைப் பார்க்கப் போனவளுக்கு ஆயாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது. கூடவே கன்னத்தில் ஓர் எரிச்சல்.

ஒன்பதாவது படிக்கிற வருஷம் எனக்கு முகப்பரு கிளம்பியது. முதலில் நெற்றி, அப்புறம் கன்னம், கடைசியில் தாடை. கிணற்றடியில் திருநீற்றுப்பச்சிலை தானாக முளைத்துக் கிடக்கும். ஆயா இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து, வசம்புப் பொடியைக் குழைத்து, என் பின்மண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அப்புவார். "எரியுது ஆயா" என்றால், "எரிஞ்சாதான்டி மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார். ஆயாவின் வைத்திய சாஸ்திரம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அதே செடியின் விதையைத்தான் சப்ஜா என்று குளிர்ச்சிக்காகச் சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம். இலை எரிக்கும், விதை குளிர வைக்கும். இதற்கும் ஆயாவிடம் ஒரு விளக்கம் இருந்திருக்கும்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு குழித்தறி. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டுமென்றால் அதன் ஓரமாகத்தான் நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் நின்று இழை பார்க்கிற அத்தனை கண்ணும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்க்கும். "இன்னாடி, மூஞ்சி முழுக்க கொத்துமல்லி வெதச்ச மாதிரி?" என்று ஒரு அம்மா ஆரம்பித்தால் போதும். சங்கைச் சந்தனக் கல்லில் உரைச்சுப் போடச் சொல்வார் ஒருவர். ஜாதிக்காயைப் பாலில் இழைக்கச் சொல்வார் இன்னொருவர். ராத்திரி பற்பசை வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் அமுங்கிவிடும் என்று எதிர்வீட்டு அண்ணன் சொல்வார். அவர் முகத்திலும் பரு இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைக்கு வந்தால் மீசை முளைக்கிற வயசு, பெண்ணுக்கு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து.

காரணமும் அவர்களே சொல்வார்கள். உடம்புச் சூடு. மாம்பழம். வேர்க்கடலை. சரியாக வெளிக்குப் போகாதது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "எவனையாவது நெனச்சிக்கிட்டு இருப்பா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். பூண்டைத் தேய்த்த எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

சேக்கிழார் பிறந்த ஊர் எங்களுடையது. அவர் கட்டின திருநாகேஸ்வரம் கோயிலுக்கு ஆயா என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் இழுத்துக்கொண்டு போவார். உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி வாங்கி, என் முகத்தை மூன்று சுற்றுச் சுற்றி, பலிபீடத்தில் போடச் சொல்வார். மருவுக்கும் பருவுக்கும் அது ஒரே மருந்து. இதில் எரிச்சல் கிடையாது என்பதால் எனக்குப் பிடித்த வைத்தியமும் அதுதான்.

அப்பா என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய கவலை வேறு. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத் தார் சுற்ற உட்கார்ந்தால், "கையைக் காட்டு" என்பார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தால் ராட்டைப் பக்கம் விடமாட்டார். வெள்ளைப் பட்டில் மஞ்சள் பட்டால் பட்டதுதான், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. செய்கூலியில் பிடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் தறியில் வெள்ளையோ சந்தன நிறமோ ஓடுகிற மாசம் பெண்கள் யாரும் மஞ்சள் பூசமாட்டோம். கறை ஒட்டாத கஸ்தூரி மஞ்சள் விலை கூட. அது தீபாவளிக்குத்தான்.

தீபாவளி என்றதும் நலங்கு மாவு ஞாபகத்துக்கு வருகிறது. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், வெட்டிவேர், எலுமிச்சைத் தோல். எல்லாவற்றையும் முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்தால், காக்காய் வந்து கடலைப்பருப்பை மட்டும் பொறுக்கும். பிறகு மில். மில்லில் ஒரு முறை உண்டு: அரிசிக்குப் பின்னால் கோதுமை, கோதுமைக்குப் பின்னால் நலங்கு மாவு, எல்லாருக்கும் கடைசியாகத்தான் மிளகாய். ஒரு தடவை கூட்டத்தில் யாரோ கெஞ்சிக் கேட்டார்கள் என்று மிளகாயை முன்னால் போட்டுவிட்டு, கொஞ்சம் தவிட்டை ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்லி எங்கள் மாவை அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். நிறம் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. "ரோஜா இதழ்" என்றாள் அம்மா. தீபாவளிக் காலையில் நானும் அக்காவும் கண்ணைத் திறக்க முடியாமல் கிணற்றடியில் ஆடின ஆட்டம் தெருவுக்கே தெரியும். ஆயா மட்டும் ஆடாமல் நின்று பார்த்தார். தன்னுடைய சாஸ்திரத்துக்கு இவ்வளவு பெரிய நிரூபணத்தை அவரே எதிர்பார்க்கவில்லை.

காலேஜுக்குப் பல்லாவரம் வழியாகப் போனேன். அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் என்று பஸ் போகும். பல்லாவரத்தில் பாண்ட்ஸ் கம்பெனி இருந்ததால் அந்த நிறுத்தத்துக்கே பாண்ட்ஸ் என்று பெயர். கம்பெனி 1998-ல் இந்துஸ்தான் லீவரோடு சேர்ந்துவிட்டது, கண்டக்டர் வாயில் பெயர் அப்படியே நிற்கிறது. அங்கே வந்தால் பவுடர் வாசனை வரும் என்று தோழிகள் சொல்வார்கள். அந்த வாசனை வருவதற்கு முன்னால் பம்மல், நாகல்கேணி தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வந்து மூக்கை அடைத்துவிடும். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. ஒரே சாலையில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்த ஒரு கூட்டம், பெண்களின் தோலைப் பதப்படுத்த ஒரு கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்து, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, கைப்பையில் இருக்கிற கண்ணாடியில் தாடையைப் பார்த்துக்கொண்டே போவேன்.

அந்த நாளில் பெண்களுக்கு இருந்த கவலை இரண்டு, பருவும் நிறமும். கடையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தார்கள். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிதான் வகுப்பில் பாதிப்பேர் பையில். 2020-ல் அந்தப் பெயரிலிருந்து ஃபேர் போய் குளோ வந்தது. பெயர் மாற நாற்பத்தைந்து வருஷம். எங்கள் வகுப்புப் பெண்களுக்கே பேரன் பேத்தி வந்தாயிற்று.

எனக்கு வழி காட்டியது மாமா. அம்மாவின் தம்பி. கிண்டி எஸ்டேட்டில் டர்னர். லேத்தில் நின்று நின்று அவருக்கு முழங்கையிலும் தொடையிலும் கறுப்பு முளையோடு கொப்புளங்கள் வரும். தெறிக்கிற கட்டிங் ஆயில் சட்டைக் கையை நனைக்கும். கை துடைக்கிற காட்டன் வேஸ்டைப் பேன்ட் பையிலேயே திணித்துக்கொள்வார், எண்ணெய் துணி வழியாக இறங்கித் தொடையில் ஊறும். அத்தை அதை அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டினாள். வேலை செய்கிற இடத்து எண்ணெய் மயிர்க்கால்களை அடைத்து வருவது இது, பரு வகைதான் என்று இ.எஸ்.ஐ. டாக்டர்தான் சொன்னாராம். மருந்தைவிட முக்கியமாக ஒன்று சொன்னார்: எண்ணெய்த் துணியைப் பையில் வைக்காதே, வேலை உடுப்பைத் தினம் மாற்று. அதற்கப்புறம் மாமா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அண்டாவில் சோடா உப்புப் போட்டு உடுப்பை அவிப்பது ஒரு பெரிய சடங்கு ஆனது. சோப்பும் மாறியது. பெரம்பூரில் ரயில்வே டாக்டராக இருந்த வி.பி.சித்தன், தோல் உபாதையால் அவதிப்பட்ட தொழிலாளர்களுக்காகப் பதினெட்டு மூலிகை எண்ணெயில் செய்ய ஆரம்பித்து, 1969-ல் மெடிமிக்ஸ் என்று கடைக்கு வந்த பச்சைச் சோப்பு அது. தொழிலாளிக்காகப் பிறந்த சோப்பு என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை. விளம்பரத்தில் அழகான பெண்கள் வந்தபோது கோபித்துக்கொண்டார்.

ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, "இலை தழையெல்லாம் போதும் அக்கா, பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லி, சென்ட்ரலுக்கு எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீள பெஞ்சு. வெண்குஷ்டம், படை, கரப்பான் என்று வந்தவர்களுக்கு நடுவில் நான். பருவுக்காக வந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா வெட்கப்பட விடவில்லை. நெற்றி முடியை விலக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தலைக்கு எவ்வளவு எண்ணெய் வைப்பே?"

நான் பதில் சொல்வதற்கு முன்னாலேயே என் நெற்றி சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் பெண்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைத்தால் வைத்தது தெரியவேண்டும். படிய வாரி இரட்டைப் பின்னல் போட்டால், மத்தியானத்துக்குள் தேங்காய் எண்ணெய் இறங்கி நெற்றியில் மினுங்கும். மயிரடியில் சின்னச் சின்ன முளையாக வரிசை கட்டி நிற்பது அதன் வேலை. அமெரிக்காவில் தலைக்குப் பொமேடு தடவுகிற கறுப்பின ஆண்களின் நெற்றியில் இதையே பார்த்து, 1970-ல் ஆல்பர்ட் க்ளிக்மனும் கூட்டாளிகளும் பொமேடு பரு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். தெருவில் அத்தனை பேர் அத்தனை காரணம் சொன்னார்களே, எண்ணெயைத் தலையில் ஊற்றிய கையை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதினார். பென்சாயில் பெராக்சைடு. ராத்திரி முகம் கழுவி ஈரம் போனபிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவவேண்டும், பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது. கொஞ்சம் தோல் உரியும், பயப்படாதே. கிள்ளாதே. "மூணு மாசம் ஆகும். மூணு நாள்ல வந்து போகலையேன்னு கேட்கக் கூடாது" என்றார். தோலுக்கடியில் நெய் சுரக்கிற பை, அதன் வாயை அடைக்கிற செத்த தோல், உள்ளே பெருகுகிற கிருமி, அதனால் வருகிற வீக்கம் என்று ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா அந்த எண்ணெய் நேரா மூஞ்சிக்கு வராது" என்று சிரித்தார்.

இதில் தெருப் பெண்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2002-ல் லோரன் கோர்டைன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பப்புவா நியூ கினியாவில் கிட்டாவா என்கிற தீவில் 1,200 பேரைப் பார்த்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை. கிழங்கு, பழம், மீன், தேங்காய்தான் அவர்கள் சாப்பாடு. ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிற சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டு என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆக வேர்க்கடலை நிரபராதி, பக்கத்திலே இருந்த வெல்லப் பாகின் மேல்தான் வழக்கு. மாம்பழத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன், எனக்கு மாம்பழம் பிடிக்கும்.

களிம்பு தடவ ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் ஒரு கலவரம். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கருநீலத் துண்டில் திட்டுத் திட்டாக வெளுப்பு. அம்மா முதலில் சலவைக்காரரைத் திட்டினாள், அப்புறம் துண்டு விற்ற சங்கத்தை. பிறகு என் தலையணை உறையிலும் அதே திட்டு, கன்னம் படுகிற இடத்தில். களிம்புதான் துணிச் சாயத்தைத் தின்கிறது என்று மாமா கண்டுபிடித்துச் சொன்னார். ஆயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "துண்டையே வெளுக்குதுன்னா இவ மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்?" சாயத்தைத்தான் வெளுக்கும், தோலை இல்லை என்று மாமா எவ்வளவோ சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் விரல்களைப் பார்த்தார், தறியில் ஓடிக்கொண்டிருந்த அரக்குப் பட்டைப் பார்த்தார். அன்றிலிருந்து பரு போகிற வரைக்கும் என்னைத் தார் சுற்றக் கூப்பிடவில்லை. மஞ்சள் கறை பண்ணும், மருந்து சாயத்தை எடுக்கும். பெண்பிள்ளை முகத்துக்கு எதைப் போட்டாலும் பட்டுக்குத்தான் ஆபத்து என்று அவர் முடிவுகட்டியிருக்கவேண்டும்.

டாக்டரம்மா சொன்ன கெடுவில் பரு அடங்கியது. இடது கன்னத்தில் குழி மட்டும் நின்றது. அது பூண்டு வைத்தியத்தின் கைங்கரியம்.

அப்புறம் ஊர் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே ஓடியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டுத் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டோம். மாடி கட்டி வாடகைக்கு விட்டோம். விடியற்காலையில் கேட்கிற சத்தம் இப்போது கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

மாடியில் இருப்பவர்கள் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். என்னை அக்கா என்பார்கள், வாடகை தள்ளிப்போகிற மாதம் மட்டும் அம்மா. வந்த ஒரு மாதத்தில் எல்லாருக்கும் ஒரே புகார்: "இந்தத் தண்ணியிலதான் அக்கா மூஞ்சி இப்படி ஆவுது." போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரம், அதன் தண்ணீர் சென்னைக்கு. அதனால் குளிப்பது போர் தண்ணீரில், கடைசி ஒரு சொம்பு முகத்துக்கு மட்டும் கேன் தண்ணீர். தண்ணீரின் மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் தாடையில் மட்டும் வரிசையாக வருகிற பருவுக்குத் தண்ணீர் காரணமாகாது. அவர்கள் ஷிஃப்ட் முழுக்க மாஸ்க் போடுகிறவர்கள். தலைக்குத் தொப்பி, உடம்புக்கு அங்கி. உள்ளே பவுடர் கூடாது, மை கூடாது, தலையில் பூ கூடாது. ஒரு தூசி விழுந்தால் போர்டு போச்சு. உரசலும் வேர்வையும் சேர்ந்து இப்படிப் பரு வரும் என்று, அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்களின் ஹெல்மெட் வாரை வைத்து 1975-லேயே எழுதியாகிவிட்டது. எழுதியவர்களில் ஒருவர் மறுபடியும் அதே க்ளிக்மன். கொரோனா வந்தபோது உலகத்துக்கே அந்தத் தாடை வாய்த்தது.

அவர்கள் அலமாரியை ஒரு நாள் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஒரு சோப்பு, ஒரு பவுடர் டப்பா. இங்கே சொட்டு மருந்து குப்பி மாதிரி வரிசை: நியாசினமைடு, சாலிசிலிக் ஆசிட், சன்ஸ்கிரீன். எது காலை, எது ராத்திரி என்று சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள், அறையில் இருந்த மூன்று பேருக்கும் பொது. கம்பெனியில் கொரியாக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கொரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, அந்த ஊர்ப் பெண்கள் போல முகம் கண்ணாடியாக மினுங்கவேண்டும் என்று ஆசை. அரிசித் தண்ணீர் ஊறின காகித மாஸ்க் ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொண்டு ஒருத்தி கதவைத் திறந்தபோது நான் அலறிவிட்டேன். கீழே என் சமையலறையில் அரிசி கழுவின தண்ணீர் சிங்க்கில் போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தெருப் பெண்களில் ஒருத்தி ஆகிவிடுவேன்.

ஒரு தடவை மட்டும் சொல்லவேண்டி வந்தது. புதிதாக வந்த பெண் ஒருத்திக்குப் பத்தே நாளில் பரு அடங்கி, முகம் வெளுத்து, பளபளவென்று ஆனது. மற்ற இருவரும் அதே களிம்பை வாங்கிவரச் சொன்னார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். ஒரு மெடிக்கல் ஷாப்பில், முகத்துக்கு என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்களாம். "எரியவே எரியாது அக்கா, அவ்வளவு ஜில்லுனு இருக்கு." சில மாதத்தில் கன்னம் சிவந்தது, தாடையில் பூனைமுடி வளர்ந்தது, வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. ஒரு நாள் தடவாவிட்டால் பரு கூட்டமாகத் திரும்பி வரும். தோல் டாக்டர் ட்யூபைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், உள்ளே ஸ்டீராய்டு. நிறுத்தியபோது முகம் இன்னும் மோசமாகி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறியது. அந்த வாரங்களில் அவள் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. பட்டியல் டெல்லியில் இருக்கிறது, முகம் குன்றத்தூரில் இருக்கிறது.

மங்குக்காக ஸ்டீராய்டையும் இன்னும் இரண்டையும் சேர்த்துக் கலவை செய்து 1975-ல் எழுதியவரும் அந்த க்ளிக்மன்தான். பருவுக்கு இன்றைக்கும் டாக்டர்கள் நம்புகிற ட்ரெட்டினாயினைக் கொண்டு வந்தவரும் அவரே. பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் சிறையின் கைதிகள் மேல் சோதனை நடத்தியவர் என்கிற கறையும் அவர் பெயரில் உண்டு. ஆயாவின் சாஸ்திரத்தில் இந்தக் களிம்புக்கு மட்டும் பதில் இல்லை. அவர் வைத்தியத்தில் கெடுதல் உடனே எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இது எரியாமல் கெடுத்தது.

அதே தோல் டாக்டரிடம் இன்னொரு பெண்ணை அவள் அம்மாவோடு அனுப்பினேன். கட்டி கட்டியாகப் பரு, ஒன்றுக்கும் மசியவில்லை. டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுத நினைத்து, "கல்யாணம் எப்போ?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சுர்ரென்றது. "மூஞ்சியைப் பார்க்கச் சொன்னா எங்க வீட்டு விஷயத்தைக் கேக்கறாரு" என்று வந்து என்னிடம் பொரிந்தார். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த நாளிலிருந்து அந்த மாத்திரைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சாப்பிடுகிற காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் பொறுக்கவேண்டும். இதை எடுத்துச் சொன்னதும் அம்மா யோசித்தார். "அப்போ தை மாசம் பாக்கலாம்னு இருந்தோம், வைகாசிக்குத் தள்ளிடறோம்" என்றார். ஜாதகம், நகை, மண்டபம் எதற்கும் தள்ளாத கல்யாணம் ஒரு மாத்திரைக்குத் தள்ளிப்போனது.

என் அக்கா மகன் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர்களுக்கு ஒரு பாடம் நடத்துவார்களாம்: தலைக்கு ஜெல் கூடாது, சென்ட் கூடாது, முகத்துக்குக் க்ரீம் கூடாது. பல க்ரீம்களில் சிலிக்கோன் இருக்கும், அதில் கண்ணுக்குத் தெரியாத துளி பட்டாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி விழும். கார் கதவில் அம்மைத் தழும்பு மாதிரி. மறுபடி தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும். அதிலிருந்து அவன் வீட்டில் எந்த டப்பாவை எடுத்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறான். டைமெத்திகோன் என்று இருந்தால் பாம்பைப் பார்த்தவன் போல் கீழே வைத்துவிடுவான். அவன் முகத்தில் சோப்பைத் தவிர எதுவும் படுவதில்லை. பரு இருக்கிறது, கவலை இல்லை. கார் பளபளவென்று வந்தால் போதும்.

போன மாதம் அவனுக்குக் கல்யாணம். முந்தின நாள் நலங்கு. மேக்கப்காரப் பையன் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சித்தி, அந்தப் பையன் வெச்சிருக்கிறதுல எதுலல்லாம் சிலிக்கோன் இருக்குன்னு பாருங்க. வியாழக்கிழமை டியூட்டி."

அக்கா காதில் விழுந்துவிட்டது. "கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளே எவன்டா டியூட்டிக்குப் போவான்?"

"புது மாடல்மா. லீவு கிடையாது. முடியில ஒட்டிக்கிச்சுன்னா லேசுல போவாது, என்னை லைன்ல விடமாட்டாங்க."

மேக்கப் பெட்டியை மூடச் சொன்னேன். பையன் முகம் தொங்கிப்போனது, பணத்தைக் கொடுத்துவிட்டோம். பித்தளைத் தாம்பாளத்தில் நலங்கு மாவு குழைத்து வைத்திருந்தார்கள். அவன் அதையும் சந்தேகமாகப் பார்த்தான்.

"பயத்தம்பயறுல சிலிக்கோன் கிடையாதுடா, உட்காரு" என்று மணையைக் காட்டினேன். மில்லில் நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்தார்களா என்று மட்டும் அக்காவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.